ஆர்லின் வீட்டுக்கு வந்த விருந்தாளி

"மிஸ் ஹெர்மின், உங்ககிட்ட ரோஜாப்பூத் தட்டு இருக்குல்ல, அதுல ரெண்டு தர முடியுமா? திங்கக்கிழமை திருப்பிக் குடுத்துடறேன்."

எங்கள் பின்வாசல் படியில் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடி மிஸ் ஆர்லின் இப்படித்தான் ஆரம்பித்தார். அம்மா அடுப்பில் இருந்த சோற்றில் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் மேசையில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

"முதல்ல உள்ள வா. நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிற" என்றார் அம்மா.

"வேணாம். கால் முழுக்க சேறு."

"எங்க வீட்டுத் தரை சேறே பாத்ததில்லையாக்கும். வா உள்ள."

அவர் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"தட்டு எதுக்கு?"

"விருந்தாளி வராங்க."

அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே திரும்பினார். "உன் வீட்டுக்கா?"

"ஏன், என் வீட்டுக்கு வரக்கூடாதா?"

"நான் அப்படியா சொன்னேன்? பெயின்ட் அடிச்சு முடிச்சுட்டியான்னு கேக்கறேன்."

நான் கிழங்கைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். மிஸ் ஆர்லின் வீட்டுப் பெயின்ட் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

"முடிஞ்சிருச்சு" என்றார் அவர், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

அம்மா அதற்கு மேல் சீண்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தார். "ரெண்டு போதுமா? ஆறும் இருக்கு."

"ரெண்டே போதும். அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"இதுல ஒண்ணுக்கு ஓரம் பேந்திருக்கு பாரு. அத உன் பக்கம் வச்சுக்க."

"சரி." தட்டுகளை வாங்கித் துவாலையில் சுற்றி, மழைக்கோட்டுக்குள் மார்போடு அணைத்துக்கொண்டார். ஒரு படி இறங்கிவிட்டு நின்றார். "மிஸ் ஹெர்மின், இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"ரெண்டு தட்டுக்கா? நான் என்ன ரேடியோவுலயா சொல்லப் போறேன்?"

"சொல்லாதீங்க. அவ்வளவுதான்." பிறகு என்னைப் பார்த்தார். "நீயும்தான்."

"இவளா?" என்று அம்மா சிரித்தார். "இவகிட்ட சொல்றதும் கல்லறையில போய்ச் சொல்றதும் ஒண்ணுதான். போ நீ, மழை வலுக்குது."

எங்கள் துறைமுக ஊரான ப்ளூஃபீல்ட்ஸில் மழை எப்போதும் வலுத்துக்கொண்டேதான் இருக்கும். தட்டுகளை அணைத்தபடி அவர் பலகைப் பாதையில் கவனமாக அடியெடுத்து வைத்துப் போவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது.

மிஸ் ஆர்லின் எங்கள் ஆலயத்தின் இளைஞர் பாடகர் குழுவில் பதினாறு வயதில் சேர்ந்தவர். நாற்பதைத் தாண்டியும் இளைஞராகவே இருந்தார். எங்கள் கரையோரத்தில் இது அதிசயமில்லை. குழுவில் சேர்ந்தவரை யாரும் வெளியே போகச் சொல்வதில்லை, அவர்களும் போவதில்லை. அடிக்குரலில் பாஸ் பாடும் மிஸ்டர் பென்லோவுக்குத் தலையில் ஒரு கறுப்பு முடி கிடையாது. "நாம இளைஞர்னு நமக்குத் தெரியுது, என் முழங்காலுக்குத்தான் யாரும் சொல்லல" என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் எழுந்திருக்கும்போது சொல்வார். நான் அந்தக் குழுவில் பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோ பாடுகிறேன். மிஸ் ஆர்லினுக்குப் பக்கத்து இடம் என்னுடையது.

வருடத்தில் ஒரு தடவை நாங்கள் படகேறி வேறோர் ஊருக்குப் பாடப் போவோம். அடுத்த வருடம் அந்த ஊர்க்காரர்கள் எங்களிடம் வருவார்கள். விடுதியில் தங்குவது என்ற பேச்சே கிடையாது. படகுத்துறையில் இறங்கியதும் பெயர்களைக் கூப்பிடுவார்கள். ஒரு பாடகர் பெயர், ஒரு வீட்டுக்காரர் பெயர். வீட்டுக்காரர் முன்னால் வந்து விருந்தாளியின் பையை வாங்கிக்கொள்வார். பை கைமாறிவிட்டால் புறப்படும்வரை அந்தப் பாடகர் அந்த வீட்டுப் பிள்ளை.

கடைசி நாள் அன்பின் விருந்து. இனிப்பு ரொட்டியும் காப்பியும் வரிசை வரிசையாகக் கைமாறி வரும். எல்லோரும் ஆலயத்தில் அவரவர் இடத்தில் உட்கார்ந்தபடியே சாப்பிட, வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கிய வீட்டுக்கு நன்றி சொல்வார்கள். சும்மா "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார முடியாது. என்ன சாப்பிட்டேன், எந்தக் கட்டிலில் படுத்தேன், காலையில் குளிக்க வெந்நீர் கொடுத்தார்களா, எல்லாம் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் அந்த வீட்டுக்காரர்கள் படகு கிளம்பும்வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். யார் வீட்டில் கோழி, யார் வீட்டில் வெறும் மீன் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியவரும்.

மிஸ் ஆர்லின் முதல்முதலில் போனது டாஸ்பாபௌனிக்கு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவே மணல்மேட்டில் தென்னைகளுக்குள் இருக்கும் ஊர். அதற்கு முன்னால் அவர் எங்கேயும் போனதில்லை. அவருடைய அம்மா வீடுகளில் துணி துவைத்தவர். ஆறு பிள்ளைகளுக்கு இரண்டு கட்டில். பதினான்கு வயதிலேயே இறால் உரிக்கும் வேலைக்குப் போய்விட்டார். படகில் போகும்போது ஒருமுறை இதையெல்லாம் அவரே எனக்குச் சொன்னார். படகில் மட்டும் நிறையப் பேசுவார்.

"துறையில என் பேரக் கூப்பிட்டாங்க. ஐனான்னு ஒருத்தி வந்து என் பைய வாங்கினா. அவளுக்கே அப்ப இருபத்து மூணு, நாலு இருக்கும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, இது உன் கட்டில்னா. என்கூட யார் படுப்பாங்கன்னு கேட்டேன். யாரும் இல்ல, நீ மட்டும்தான்னா. எனக்குத் தூக்கமே வரல. கைய நீட்டினா யாரோட முதுகும் படல."

"பயந்தீங்களா?" என்று கேட்டேன்.

"அழுதேன். விடிஞ்சதும் அவ வந்து, என்ன சாப்பிடுறன்னு கேட்டா. இருக்கறதச் சாப்பிடறேன்னேன். இருக்கறதெல்லாம் இருக்கு, உனக்கு எது வேணும் அதச் சொல்லுன்னா. அதுவரைக்கும் என்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல. எங்கம்மா கெட்டவ இல்ல. ஆறு பேர்கிட்டயும் உனக்கு என்ன வேணும்னு எவளால கேட்க முடியும்?"

"என்ன கேட்டீங்க?"

"வறுத்த சீமைப்பலா. ரொம்ப நேரம் யோசிச்சு கடைசியில அதக் கேட்டேன் பாரு, கிறுக்கி. அந்த ஊர்ல அது நாய்கூடத் திங்காம கெடக்கும்."

அதன் பிறகு ஒரு பயணத்தையும் அவர் விட்டதில்லை. இப்போது வெளியூரில் வேலைக்கு இருக்கும் மகனைக் கைக்குழந்தையாக இடுப்பில் வைத்துக்கொண்டும் வந்திருக்கிறார். இறால் வேலையை விட்டு, படகுத்துறையில் மேசை போட்டுக் காரமான இறைச்சி பஃப்ஸ் விற்க ஆரம்பித்த பிறகு, பயண நாட்களில் மேசை காலியாக இருக்கும். "நான் உக்காந்து சாப்பிட்டதெல்லாம் டூர்லதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எந்த ஊரில் எந்த வீட்டில் ரொட்டிக்கு ஜாதிக்காய் அதிகம் போடுவார்கள், யாருடைய கணவர் குறட்டை விடுவார், எந்த வீட்டு நாய் பாடகர்களைக் கண்டால் ஊளையிடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து சாமான் வாங்கவோ ஆஸ்பத்திரிக்கோ வருகிறவர்கள் முதலில் அவருடைய மேசைக்குத்தான் வருவார்கள். சூடாக இரண்டு பஃப்ஸைத் தாளில் சுற்றிக் கொடுத்து, பெஞ்சில் உட்காரவைத்து, அவர்கள் ஊர்க் கதையெல்லாம் கேட்பார். அவருடைய வரவேற்பறை அந்தப் பெஞ்சுதான். எழுந்து அவருடைய வீடுவரை போனவர் ஒருவரும் இல்லை.

வெளியூர்க் குழு வரும்போது யாரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்பதைச் சில வருடங்களாக என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஸ்பானிஷ், ஆங்கிலம் இரண்டிலும் பள்ளிப்படிப்பு, வருகிறவர்கள் எந்த மொழி பேசினாலும் சமாளித்துவிடுவேன் என்பது காரணம். ஒத்திகை முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் கேட்பேன். மிஸ் ஆர்லினிடம் வரும்போது அவர் நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். "இந்தத் தடவ வேணாம் குட்டி, பெயின்ட் அடிக்கிறேன்." அதற்கு முந்தைய வருடமும் பெயின்ட். அதற்கும் முந்தைய வருடம் கூரை. நடுவில் ஒருமுறை காய்ச்சல். நான் அடுத்தவரிடம் போய்விடுவேன்.

அந்த வீடு ஒன்றும் மோசமில்லை. மரக்கால்கள்மேல் நிற்கும் இரண்டு அறைகள், தகரக் கூரை, ஒரு கட்டில். கழிப்பறை பின்புறம், சேற்றின்மேல் போட்ட பலகைகளில் நடந்து போக வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். விருந்தாளிகள் அந்த வீடுகளிலும் தங்கியிருக்கிறார்கள். ஆனால் மிஸ் ஆர்லின் மற்றவர்களின் வீடுகளை விருந்து நாட்களில் மட்டுமே பார்த்தவர். எல்லோருடைய நல்ல விரிப்பும் நல்ல தட்டும்தான் அவருக்குத் தெரியும். தன் வீட்டை மட்டும் தினமும் பார்த்தார்.

அந்த ஜூலையில் டாஸ்பாபௌனிக் குழு வருவதாக இருந்தது. ஒத்திகையில் எங்கள் தலைவர் பிரதர் லெஸ்லி எழுந்தார்.

"மிஸ் ஐனாகிட்டேருந்து போன் வந்துச்சு. அவங்க பொண்ணு ஷெலானி முதல் தடவையா குழுவோட வராளாம். ஆர்லின் வீட்லதான் தங்கணும், வேற எங்கயாவது படுத்தா அடுத்த படகுலயே திருப்பி அனுப்புங்கன்னு உத்தரவு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ் ஆர்லின் பாட்டுத்தாளை மடித்தார், பிரித்தார்.

"பெயின்ட் காய்ஞ்சிருச்சா ஆர்லின்?" என்றார் மிஸ்டர் பென்லோ.

சிரிப்பு ஓயும்வரை காத்திருந்துவிட்டு, "காய்ஞ்சிருச்சு" என்றார் மிஸ் ஆர்லின். ஐனாவின் மகளை மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. அந்த வாரத்தில்தான் எங்கள் பின்வாசலுக்கு வந்தார்.

வெள்ளிக்கிழமை படகு வந்தது. நான் பெயரைக் கூப்பிட்டேன். நெடுநெடுவென்று வளர்ந்த, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாத ஒரு பெண் முன்னால் வந்தாள். மிஸ் ஆர்லின் அவளுடைய பையை வாங்கிக்கொண்டார். "அம்மா சாயல்தான்" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் ஒத்திகை நேரம் மாறியதைச் சொல்ல நான் அந்த வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அசந்து நின்றுவிட்டேன். ஜன்னலில் பச்சைக்கிளிகள் போட்ட மஞ்சள் திரை. அது எங்கள் தெரு மிஸ் வெரோனா வீட்டில் நான் பல தடவை பார்த்த திரை. மேசையில் மின்விசிறி. அது போடும் கிறீச்சிடல் மிஸ்டர் பென்லோ வீட்டைத் தாண்டும்போதெல்லாம் கேட்கும். கட்டிலில் பின்னல் வேலை செய்த தலையணை உறைகள். எங்கள் தட்டு ஒன்று மேசையில் இருந்தது. இன்னொன்று துவாலையில் சுற்றியபடியே அலமாரிமேல் இருந்தது.

ஷெலானி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மீனும் வாழைக்காயும் தேங்காய்ப்பாலில் வெந்து மணத்தன. மிஸ் ஆர்லின் சுவரோரமாக நின்றார்.

"நீங்களும் சாப்பிடலாம்ல, மிஸ் ஆர்லின்?" என்றாள் அந்தப் பெண்.

"எனக்குப் பசிக்கல. நீ சாப்பிடு, சாப்பிடு."

சாப்பிட்டு முடித்ததும் அவள் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வை! வை! தொடாத!"

அந்தப் பெண் சுட்டுக்கொண்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள். மிஸ் ஆர்லினின் முகம் சட்டென்று மாறிவிட்டது. "இல்ல கண்ணு, கை ஈரமாயிடுமேன்னு சொன்னேன்" என்றார்.  நான் ஒத்திகை நேரத்தைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அன்பின் விருந்து. ரொட்டிக்கூடை வரிசைகளில் வந்துகொண்டிருந்தது. டாஸ்பாபௌனிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். ஒருவருக்குக் கோழி, ஒருவருக்கு நண்டு, ஒருவருக்குக் கொசுவலை. ஷெலானியின் முறை வந்தது. என் பக்கத்தில் மிஸ் ஆர்லின் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் மிஸ் ஆர்லின் வீட்ல தங்கினேன்" என்று ஆரம்பித்தாள். "அந்த வீட்ல இருக்கற ஒவ்வொண்ணையும் நல்லா பாத்துட்டு வா, அவ எப்படி இருக்கான்னு நானே பாத்த மாதிரி நீ சொல்லணும்னு எங்கம்மா சொல்லி அனுப்பினாங்க. அதனால எல்லாத்தையும் மனசுல வச்சிருக்கேன்."

ஆலயம் முழுக்க அன்பாகச் சிரித்தது. மிஸ் ஆர்லின் மட்டும் சிரிக்கவில்லை.

"ஜன்னல்ல மஞ்சத் திரை. அதுல பச்சைக்கிளி, ஒரு கிளிக்குக் கண்ணு மட்டும் கறுப்பு நூல்ல தச்சிருக்கு."

மூன்றாவது வரிசையில் மிஸ் வெரோனாவின் தொப்பி மெல்ல நிமிர்ந்தது.

"மேசைல ஒரு விசிறி. இடது பக்கம் திரும்பும்போது கிறீச்சுன்னு கத்தும், வலது பக்கம் திரும்பும்போது கத்தாது. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு."

பின்னால் பாஸ் வரிசையில் யாரோ இருமினார்கள்.

"நான் சாப்பிட்ட தட்டுல ஓரம் முழுக்க ரோஜாப்பூ. அவ்வளவு அழகான தட்டுல நான் சாப்பிட்டதே இல்ல."

அம்மா எனக்கு எதிர் வரிசையில் இருந்தார். கையிலிருந்த ரொட்டியையே உற்றுப் பார்த்தார்.

"தலையணை உறையில நீல நூல்ல ஈ, டி-ன்னு ரெண்டு எழுத்து பின்னியிருக்கு. செத்துப்போன சொந்தக்காரங்க யாரோட பேரா இருக்கும், கேட்டா மிஸ் ஆர்லினுக்கு வருத்தமா இருக்கும்னு நான் கேக்கல."

"நான் சாகல!" என்று முன்வரிசையிலிருந்து குரல் வந்தது. மிஸ் எட்னா டவுன்ஸ். காது கொஞ்சம் மந்தம், அதனால் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். "இங்கதான உக்காந்திருக்கேன்!"

அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. "அப்ப கிளி என்னோடதுதான்" என்றார் மிஸ் வெரோனா. "விசிறியத் திருப்பிக் குடுக்கறப்ப எண்ணெய் போட்டுக் குடு ஆர்லின்!" என்று மிஸ்டர் பென்லோவின் குரல் கூரையில் முட்டியது. போதகர்கூட முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். கெட்ட சிரிப்பு அல்ல அது. எங்கள் ஊர் தன்னைப் பார்த்துச் சிரிப்பது போலத்தான் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு அதில் வித்தியாசம் தெரிந்திருக்காது.

மிஸ் ஆர்லின் மடியில் ரொட்டி தூள்தூளாக உதிர்ந்து கிடந்தது. கழுத்திலிருந்து காதுவரை வியர்வை. ஷெலானிக்கு ஒன்றும் புரியவில்லை. தான் எதையோ உடைத்துவிட்டவள் போலச் சுற்றிலும் பார்த்தாள். "ரொம்ப நன்றி" என்று மெல்லச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்து நாங்கள் பாட வேண்டிய பாட்டு. எழுந்தோம். மிஸ் ஆர்லினின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அந்தப் பாட்டு முழுவதையும் எங்கள் பக்கத்தில் நான் தனியாகத்தான் பாடினேன்.

ஆலய வாசலில் மிஸ் வெரோனா அவருடைய தோளைத் தட்டினார். "எல்லாமே வேணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கட்டிலையே தூக்கிட்டு வந்திருப்பேனே!" அன்பாகத்தான் சொன்னார். மிஸ் ஆர்லின் தலையை மட்டும் ஆட்டினார்.

இருட்டுவதற்குள் எல்லாப் பொருள்களும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டன. திரை துவைத்து மடித்திருந்தது. எங்கள் தட்டுகள் துவாலையோடு வந்தன. "இன்னிக்கே என்ன அவசரம்? அந்தப் பொண்ணு இன்னும் ஊருக்குப் போகலயே" என்றார் அம்மா.

"எங்கிட்ட தகரத் தட்டு இருக்கு, மிஸ் ஹெர்மின்."

மறுநாள் காலை துறையில் ஷெலானி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"இல்ல கண்ணு. பாத்ததத்தான சொன்ன."

அன்றிலிருந்து மிஸ் ஆர்லின் ஒத்திகைக்கு வரவில்லை. துறையில் மேசை போட்டார், ஆனால் யாரையும் பெஞ்சில் உட்காரச் சொல்லவில்லை. பஃப்ஸைச் சுற்றிக் கொடுப்பார், அடுத்தவரைப் பார்ப்பார். நான் ஒருமுறை போய் நின்றேன். "எத்தனை வேணும்?" என்று கேட்டார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பேச்சுத் துணிச்சல் எனக்கு எப்போதும் குறைவு.

செப்டம்பரில் பிரதர் லெஸ்லி என்னைக் கூப்பிட்டார். மிஸ் ஐனாவிடமிருந்து மறுபடியும் போன். கண்ணில் புரை விழுந்திருக்கிறதாம், அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்கு வருகிறாராம். "ஆர்லின் வீட்லதான் தங்குவாங்களாம். நீ போய்ச் சொல்லு. நான் போனா கதவத் திறக்க மாட்டா" என்றார்.

போனேன். மழை விட்டிருந்தது. மிஸ் ஆர்லின் வாசற்படியில் உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் அவருடைய பழைய நீலத்துணி தொங்கியது. செய்தியைச் சொன்னேன். சல்லடை நின்றது.

"வேற வீடு பாக்கலாமா, மிஸ் ஆர்லின்?" என்று கேட்டேன். "எங்க வீட்ல இடம் இருக்கு. அம்மாகிட்ட நான் பேசறேன்."

"நீயும் அவங்க சிரிச்சதுக்குத்தான் நான் வெக்கப்படறேன்னு நெனைக்கிற, இல்ல?"

நான் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன்.

"அது ஒரு வாரம் சுட்டுது. போயிடுச்சு. பென்லோவப் பாத்து நான் எத்தனை தடவ சிரிச்சிருக்கேன்." மாவுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு என் வீட்ல அத்தனை நேரம் இருந்தா. கிளியச் சொன்னா. விசிறியச் சொன்னா. ஈ, டி சொன்னா. என்னப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாளா?"

"உங்க சமையல..."

"சொல்லல. நான் தெனமும் நெனச்சுப் பாக்கறேன், சொல்லல. எப்படிச் சொல்லுவா? நான் அவகூட எங்க இருந்தேன்? தட்டுக்குக் காவல் நின்னேன். திரையில கை படுதான்னு பாத்துட்டிருந்தேன். உனக்கு என்ன வேணும்னு அவகிட்ட கேக்கவே இல்ல. அத்தனை நாள்ல ஒரு தடவகூட." சல்லடையை ஒரு தட்டுத் தட்டினார். "ஐனா வீட்ல தட்டு எப்படி இருந்துச்சுன்னு என்கிட்ட கேளு."

"எப்படி இருந்துச்சு?"

"தெரியாது. தட்டுல குடுத்தாளா, இலையில குடுத்தாளான்னே ஞாபகம் இல்ல. மறுநாள் அவ என் தலையப் பிடிச்சு மடியில வச்சு சிக்கெடுத்தா. வலிக்குதா, வலிக்குதான்னு கேட்டுக்கிட்டே எடுத்தா. அது இங்க இருக்கு." உச்சந்தலையைத் தொட்டார். தலையில் மாவு ஒட்டிக்கொண்டது. "அவ பொண்ணு அவகிட்ட போயி விசிறிக் கதை சொல்லியிருப்பா. எனக்கு அதுதான். அந்த வெக்கம்தான் போக மாட்டேங்குது."

கீழே சேற்றில் யாருடைய வாத்துகளோ கத்திக்கொண்டு போயின.

"வரட்டும்" என்றார் பிறகு. "ஐனா இங்கதான் வரணும். ஆனா எனக்குத் தெரியல குட்டி. இத்தன வருஷமா ஊரூராப் போயி விருந்தாளியா இருக்கக் கத்துக்கிட்டேன். மத்தப் பக்கம், வீட்டுக்காரியா இருக்கறது, எனக்குத் தெரியல. சின்ன விஷயம், ஆனா தெரியல. ஒருத்தங்க என் வீட்ல உக்காந்தா என் கால் தன்னால எந்திரிச்சு நிக்குது."

"கத்துக்கலாம்" என்றேன். வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

அவர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். முதல்முறையாகச் சிரிப்பு வந்தது, பழைய கிண்டலோடு. "நீ என்ன பெரிய ஆளா? எந்த ஊருக்குப் போனாலும் சித்தி வீடு, மாமா வீடுன்னு தேடிக்கிட்டுப் போயிடுவ. தெரியாத வீட்ல ஒரு ராத்திரி படுத்திருக்கியா?"

"இல்ல."

"பசிக்குதுன்னு யார்கிட்டயாவது கேட்டிருக்கியா?"

"இல்ல, மிஸ் ஆர்லின்."

"அப்ப சரியா இருக்கும்." சல்லடையைக் கீழே வைத்தார். சிரிப்பு போய்விட்டது. என் முகத்தைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஐனா வர்றதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்து தங்கு. உங்கம்மா எதாவது குடுத்து விட்டா வாங்கிட்டு வராத. உடுப்ப மட்டும் பையில போட்டுட்டு வா. என்ன சாப்பிடுறன்னு நான் கேப்பேன், இருக்கறதச் சாப்பிடறேன்னு சொல்லாத, யோசிச்சு ஏதாவது கேளு. ராத்திரி கூரை ஒழுகினா என்னை எழுப்பிச் சொல்லு. உன் சுபாவம் எனக்குத் தெரியும், நனைஞ்சுக்கிட்டே பேசாம படுத்திருப்ப. அப்படிப் படுத்துக்காத. எழுப்பு."